பெரிய அணி சின்ன மைதானத்துக்கு வந்தபோது: ஸ்பெயின் கோப்பையும் அசோக் நகர் கேலரியும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம். பெங்களூரு அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் எங்கள் கிளப்புக்கு லீக் ஆட்டம். கேலரியில் தலையை எண்ணினால் முப்பது தேறும், அதிலும் பாதிப் பேர் அடுத்த ஆட்டத்துக்கு ஸ்டாக்கிங்ஸ் மாட்டிக்கொண்டிருந்த பசங்கள். வழக்கமாக ஆஸ்டின் டவுனில் இருந்து வரும் தாத்தா ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐடிஐ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை, கையில் கடலைப் பொட்டலம். எங்கள் பசங்கள் இரண்டாவது கோல் போட்டதும் கேட்டார்.

"தம்பி, இவனுங்க இங்க எல்லாரையும் ஜெயிச்சா அடுத்து யாரோட ஆடுவானுங்க?"

"மேல் டிவிஷனுக்குப் போவாங்க தாத்தா."

"அது சரிப்பா. பெங்களூரு எஃப்சியோட எப்ப ஆடுவானுங்க?"

சூப்பர் டிவிஷன் வரைக்கும் ஏறினால் அவர்களுடைய ரிசர்வ் அணியோடு ஆடலாம் என்றேன். ரிசர்வைக் கேட்கவில்லை, கன்டீரவா ஸ்டேடியத்தில் ஆடுகிற அணியைக் கேட்கிறேன் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சி, பி, ஏ, சூப்பர் டிவிஷன், அப்புறம் ஐ-லீக் 3, ஐ-லீக் 2, ஐ-லீக், அதற்கு மேல் பெங்களூரு எஃப்சி ஆடுகிற ஐஎஸ்எல் என்று ஏணி காகிதத்தில் இருக்கிறது, ஆனால் வருஷத்துக்கு ஒரு படி தவறாமல் ஏறினாலும் பதினெட்டு வயதில் தொடங்குகிற பையன் உச்சிக்குப் போகும்போது அவனுக்கு இருபத்தைந்து ஆகியிருக்கும், அதுவும் ஒரு தடவைகூட வழுக்காமல் இருந்தால். ஒரே பருவத்தில், ஒரே மதியத்தில், கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனோடு மோத ஒரு வழிதான் உண்டு. அது எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிற தேசியக் கோப்பை. நம் நாட்டில் அந்தக் கதவு இல்லை.

தாத்தா அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1977-ல் ஃபெடரேஷன் கோப்பை முதல்முறையாக நடந்தபோது, எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 1-0 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது பெங்களூரு ஐடிஐ. டெலிபோன் செய்கிற தொழிற்சாலையின் அணி. அதற்கு நாற்பது வருஷம் முன்னாடியே, 1937-லும் 1938-லும், பம்பாய் ரோவர்ஸ் கோப்பையைப் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி அடுத்தடுத்து ஜெயித்திருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல் சாரங்கபாணி ராமனுடையது, அவரும் இந்த ஊர்க்காரர். இந்த நகரத்துக்குச் சின்ன அணி பெரிய அணியை வீழ்த்துவது புதுசு கிடையாது, அதற்கான மேடையைத்தான் இடையில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

சரி, அந்த மேடையை மறுபடி போட்டால் என்ன நடக்கும்? இதை ஆசையாக மட்டும் பேசாமல், உண்மையில் செய்து பார்த்த ஒரு நாட்டை எடுத்து நுணுக்கமாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் எடுத்தது ஸ்பெயினின் தேசியக் கோப்பையான கோபா தெல் ரே. 2019-ல் அவர்கள் ஆட்ட முறையை மாற்றினார்கள். மாற்றத்துக்கு முன், பின் என்று கோடு போட்டுப் பிரித்துப் பார்க்க முடிகிற மாதிரி நடந்தது என்பதால்தான் இந்தத் தேர்வு.

2019 வரை எப்படி இருந்தது

2018-19 வரை கோபாவில் 83 அணிகள். கீழ் லீக் அணிகள் இலையுதிர் காலத்தில் தங்களுக்குள் அடித்துக்கொண்டு மேலே வரும், முதல் டிவிஷன் அணிகள் கடைசி 32 சுற்றில் சாவகாசமாக உள்ளே வரும். அங்கிருந்து எல்லாமே இரண்டு ஆட்டம், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. சின்ன அணி தன் ஊரில் உயிரைக் கொடுத்து 1-1 எடுத்தாலும் அடுத்த ஆட்டம் ரியல் மாட்ரிடின் பெர்னபேயுவிலோ பார்சிலோனாவின் கேம்ப் நோவிலோ, அங்கே ஐந்து கோல் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அதிசயமே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 2009-ல் அல்கோர்கோன் என்ற மூன்றாம் அடுக்கு அணி ரியல் மாட்ரிடை 4-0 என்று நொறுக்கி, இரண்டாவது ஆட்டத்தில் 0-1 தோற்றும் முன்னேறியது. 2012-ல் மிராண்டேஸ், அப்போது அதுவும் மூன்றாம் அடுக்குதான், அரையிறுதி வரைக்கும் போனது. ஆனால் இந்த இரண்டையும் ஸ்பெயினில் இன்றைக்கும் பேர் சொல்லிப் பேசுகிறார்கள் என்பதே அவை எவ்வளவு அபூர்வம் என்று காட்டுகிறது. வழக்கத்தில் தலைகீழ் முடிவு வர அந்த முறை இடம் கொடுக்கவில்லை.

மாற்றியது என்ன

2019-20 பருவத்தில் அணிகளின் எண்ணிக்கை 120-ஐத் தாண்டியது. எல்லோரும் தலைப்பில் போட்டது இந்த எண்ணைத்தான், என் பார்வையில் மூன்று மாற்றங்களில் இது ரொம்பச் சின்னது. வட்டார லீக் சாம்பியன்கள் 20 பேர் முதலில் தங்களுக்குள் மோத வேண்டும், ஜெயித்த 10 அணிகள் கோப்பைக்குள் வரும். நம் ஊர்க் கணக்கில் மாவட்ட லீக் ஜெயித்தவன் தேசியக் கோப்பையில் ஆடுவது மாதிரி.

இரண்டாவது மாற்றம், அரையிறுதிக்கு முன்வரை எல்லாச் சுற்றுக்கும் ஒரே ஆட்டம். அன்றைக்கே முடிவு, தேவைப்பட்டால் கூடுதல் நேரம், பெனால்டி.

மூன்றாவதுதான் உயிர்நாடி. இரண்டு அணிகளும் வேறு வேறு அடுக்கு என்றால், கீழ் அடுக்கு அணியின் மைதானத்தில்தான் ஆட்டம். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. ஸ்பெயினின் சூப்பர் கோப்பையில் ஆடுகிற நான்கு பெரிய அணிகளுக்குக் கடைசி 32 சுற்று வரைக்கும் ஓய்வு கொடுத்தார்கள், பெரிய கிளப்புகளைச் சம்மதிக்க வைக்க அதை ஒரு விலையாகக் கொடுத்தார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன், கொடுத்திருக்கக்கூடிய விலைதான். ஆனால் உள்ளே வந்த பிறகு அவர்களும் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.

பஸ் ஏறினார்கள்

2020 ஜனவரி 22, ஒரே நாள். பார்சிலோனா இபிசா தீவுக்குப் போய் யூடி இபிசாவுடன் செயற்கைப் புல் தரையில் ஆடியது. முதலில் கோல் போட்டது இபிசா. கடைசியில் கிரீஸ்மன் இரண்டு போட்டு 2-1 என்று தப்பித்தார்கள், ஜெயித்த கோல் விழுந்ததே கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில். அதே இரவு சலமன்காவில் யூனியனிஸ்தாஸ் அணியுடன் ரியல் மாட்ரிட். யூனியனிஸ்தாஸ் யார் என்றால், ஊரின் பழைய கிளப் கடனில் மூழ்கி மூடப்பட்டபோது 2013-ல் ரசிகர்களே சேர்ந்து தொடங்கிய கிளப், இன்றைக்கும் உறுப்பினர்களுக்குத்தான் சொந்தம். 1-3 என்று தோற்றார்கள். மறுநாள் கல்ச்சுரல் லியோனேசா, மூன்றாம் அடுக்கு, அட்லெடிகோ மாட்ரிடைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வெளியே அனுப்பியது.

அந்தப் பருவத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது மிராண்டேஸ் மறுபடி செய்த வேலை. மிராண்டா தே எப்ரோ என்பது நம்ம ஜோலார்பேட்டை மாதிரி ரயில் ஜங்ஷனை வைத்து வளர்ந்த ஊர். அணி அப்போது இரண்டாம் டிவிஷனில். செல்டா, செவியா, வில்லாரியல் என்று மூன்று முதல் டிவிஷன் அணிகளை வரிசையாக, மூன்றையும் தன் சொந்த மைதானத்திலேயே வைத்து ஜெயித்தது. செவியாவுக்கு எதிராக 3-1, வில்லாரியலுக்கு எதிராக 4-2. இப்படி அடித்துப் பிடித்து ஆடி ஜெயித்த பிறகு அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று யாராலும் ஒதுக்க முடியாது. அரையிறுதி மட்டும் இரண்டு ஆட்டம், அங்கேதான் ரியல் சோசியடாடிடம் தோற்றார்கள். பழைய முறை திரும்பி வந்த அந்த ஒரு சுற்றில் ஓட்டம் முடிந்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் அல்கோயானோ, மூன்றாம் அடுக்கு. 2021 ஜனவரி 20, ரியல் மாட்ரிட் வந்தது. இடைவேளைக்கு முன் மிலிடாவ் தலையால் முட்டி 0-1. எண்பதாவது நிமிடம் வரைக்கும் அப்படியே. அப்போது ஒரு கார்னர், சமன். கூடுதல் நேரத்தில் அல்கோயானோவில் ஒருவன் சிவப்பு அட்டை வாங்கிப் பத்துப் பேராகக் குறைந்தார்கள், எல்லோரும் முடிந்தது என்று நினைத்த இடத்தில் 115-வது நிமிடம் ஹுவானன் பந்தை உள்ளே தள்ளினான். கோலில் நின்ற ஹோசே ஹுவானுக்கு வயசு 41. ஸ்பெயினில் மனம் தளராதவனைப் பார்த்து "அல்கோயானோவைவிட நெஞ்சுறுதி உனக்கு" என்று சொல்வார்களாம், அந்தச் சொலவடைக்குச் சொந்தக்கார அணியே இப்படி ஜெயித்தது. ஒரு வருத்தம், கொரோனா காலம் என்பதால் கேலரி காலி. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வாழ்க்கையின் பெரிய ஆட்டத்தை டிவியில்தான் பார்த்தார்கள்.

இடறிய இடங்களும் உண்டு

பெசெரில் என்ற சின்ன ஊர் அணியை 2019 டிசம்பரில் ரியல் சோசியடாட் 8-0 என்று அடித்துவிட்டுப் போனது. எதிர்க்கிறவர்கள் முதலில் காட்டுவது இதைத்தான், இதனால் யாருக்கு என்ன லாபம் என்று. எனக்குத் தெரிந்த ஒரு கோச் அண்ணாவிடம் இதைச் சொன்னபோது அவர் யோசிக்காமல் சொன்னார், "எட்டு வாங்கினா என்ன, அந்த எட்டையும் யார்கிட்ட வாங்கினோம்னு பேரன் வரைக்கும் சொல்லலாமே." நானும் அவர் கட்சிதான். அந்தப் பருவத்தின் கோப்பையை, தள்ளிப்போய் 2021 ஏப்ரலில் நடந்த இறுதி ஆட்டத்தில், ஜெயித்ததே ரியல் சோசியடாட். சாம்பியனின் பாதை அந்தச் சின்ன ஊர் அணி வழியாகப் போயிருக்கிறது. கோப்பை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் யூனியனிஸ்தாஸுக்கும் வில்லாரியலுக்கும் ஆட்டம் 1-1 என்று கூடுதல் நேரத்துக்குப் போனபோது ஃப்ளட்லைட் போய்விட்டது. காத்திருந்து பார்த்தார்கள், வரவில்லை. மிச்சத்தை மறுநாள் ஆடி, பெனால்டியில் யூனியனிஸ்தாஸ் 7-6 என்று ஜெயித்தது. முடிவு இனிப்புதான், ஆனால் மறுநாள் வரைக்கும் தங்கின செலவு, மறுபடி போட்ட ஏற்பாடு எல்லாம் யாரோ தலையில் விழுந்திருக்கும். சின்ன மைதானத்துக்கு ஆட்டத்தைக் கொண்டுபோகிறவர்கள் விளக்கு, ஆம்புலன்ஸ், வெளியேறும் வழி எல்லாவற்றுக்கும் பணத்தோடு வர வேண்டும், விதியை மட்டும் அனுப்பிவிட்டுக் கிளப் செயலாளரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் நடக்காது.

பணம் என்றதும் இங்கிலாந்தைச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அங்கே கதை கொஞ்சம் எதிர்ப்பக்கம் போகிறது. அவர்களுடைய தேசியக் கோப்பையான எஃப்ஏ கோப்பையில் டிக்கெட் வருமானத்தை, செலவு போக, இரண்டு அணிகளும் 45 சதவீதம் வீதம் எடுத்துக்கொண்டு மிச்சப் பத்தைப் பொது நிதியில் போடுவது பழைய வழக்கம். அதனால் சின்ன கிளப்புக்குப் பெரிய அணியின் மைதானத்தில் ஆடுவதே வரம். 2005-ல் கடனில் தத்தளித்த எக்ஸெட்டர் சிட்டி ஓல்ட் ட்ராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெடுடன் 0-0 எடுத்தது, அந்த ஆட்டமும், சமன் ஆனதால் நடந்த மறு ஆட்டமும் கொண்டுவந்த பணம்தான் கிளப்பைக் காப்பாற்றியது. 2024-25-ல் பிரதான சுற்றுகளிலும் மறு ஆட்டத்தை எடுத்தபோது கீழ் லீக் கிளப்புகள் கொதித்ததற்கு இதுதான் காரணம். ஆக, ஒரே ஆட்டம், சின்ன மைதானம் என்று வைத்தால் பெரிய கேட் வசூல் போய்விடும், அதை வேறு வழியில் ஈடு கட்டியாக வேண்டும். 2021 ஜனவரியில் எட்டாம் அடுக்கு மரீன் அணி டாட்டன்ஹாமை எதிர்கொண்டபோது கேலரியில் ஆள் உட்கார அனுமதி இல்லை, அதனால் பத்து பவுண்டுக்கு ஒரு கற்பனை டிக்கெட் விற்றார்கள், 30,000-க்கு மேல் போனது. 5-0 என்று தோற்றார்கள். கிளப் நிமிர்ந்தது.

நம் பக்கம்

இப்போது நம்முடைய சூப்பர் கோப்பையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 ஏப்ரலில் ஐஎஸ்எல் அணிகளும் ஐ-லீக்கின் முதல் மூன்று இடத்து அணிகளும் என்று 16 இடம், எல்லா ஆட்டமும் புவனேஸ்வரில். அதில் இன்டர் காசி, அப்போது ஐ-லீக் அணி, ஐஎஸ்எல் இறுதி வரைக்கும் போய்வந்த பெங்களூரு எஃப்சியை 1-1 சமனுக்குப் பிறகு பெனால்டியில் வெளியேற்றியது. கல்ச்சுரல் லியோனேசாவுக்குக் குறைந்த சம்பவமா இது? ஆனால் வாராணசியில் யாரும் பார்க்கவில்லை, பெங்களூரில் யாரும் நேரில் பார்க்கவில்லை. அடுத்த நாள் எங்கள் ஏரியாவில் விசாரித்தேன், பத்துப் பேரில் இரண்டு பேருக்குத்தான் அப்படி ஒரு ஆட்டம் நடந்ததே தெரியும்.

அதே வருஷம் டூரண்ட் கோப்பையை எடுங்கள். 2022-ல் தொடங்கிய டயமண்ட் ஹார்பர் அணி, முதல்முறையாக உள்ளே வந்து, அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலைக் கொல்கத்தாவிலேயே 2-1 என்று ஜெயித்தது. இறுதியில் நார்த் ஈஸ்ட் யுனைடெடிடம் 6-1 என்று வாங்கினார்கள், அது வேறு. ஊர் பக்கத்தில் இருந்தது, ஆட்கள் வர முடிந்தது, நாடே பேசியது. கீழிருந்து வந்த இரண்டு அணிகள், இரண்டுமே பெரிய தலையைச் சாய்த்தன, ஒன்றுக்கு ஊர் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முக்கியமான விஷயம் இதுதான். கோப்பையை விரிவாக்குவது என்றால் 16-ஐ 32 ஆக்குவது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஒரே ஊரில் ஒரே மைதானத்தில் வைத்து 64 அணி ஆடினாலும் அது பெரிய டோர்னமென்ட்தான். ஆட்டம் ஊர் தேடிப் போகும்போதுதான் அது நாட்டின் கோப்பை.

தூரம் என்று சொல்வார்கள், அந்த ஆட்சேபம் நியாயமானதுதான். அதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே 47 மாகாணமும் தனித்தனியாகத் தகுதிச் சுற்று நடத்தி ஆளுக்கு ஓர் அணியைப் பேரரசர் கோப்பைக்கு அனுப்புகிறது, செலவு பெரும்பாலும் உள்ளூரிலேயே முடிகிறது. 2022-ல் அந்தக் கோப்பையை இரண்டாம் அடுக்கில் 18-வது இடத்தில் முடித்த வென்ட்ஃபோரே கோஃபு ஜெயித்து ஆசியப் போட்டிக்கே போனது. நம்மால் மாநிலத்துக்கு ஓர் அணி என்று தொடங்க முடியும். முதல் சுற்றுகளை மண்டலத்துக்குள் வைத்தால் பெங்களூரு அணி சென்னைக்கோ கோழிக்கோட்டுக்கோ ராத்திரி ரயிலில் போய் வரலாம், விமான டிக்கெட்டே வேண்டாம். கனடாவும் இப்படித்தான் தன் தேசியக் கோப்பையில் 2018-ல் மாகாண லீக் சாம்பியன்களைச் சேர்த்து, 2019-ல் அதை 13 அணிக்கு விரித்தது, தூரத்தில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. 2023-ல் அந்த மாகாண லீக் அணியான டிஎஸ்எஸ் ரோவர்ஸ், முழுநேரத் தொழில்முறை அணியான வேலரை 3-1 என்று ஜெயித்தது.

மைதானம்தான் இன்னொரு கேள்வி. பெங்களூரு எஃப்சி 2013-14-ல் தொடங்கிய முதல் பருவத்திலேயே ஐ-லீக் சாம்பியன் ஆனதே இந்த அசோக் நகர் ஸ்டேடியத்தை வீடாக வைத்துத்தான், ரசிகர்கள் வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் என்று பேர் வைத்துக்கொண்டதும் இங்கே உட்கார்ந்த இடத்தை வைத்துத்தான். சின்ன மைதானத்தில் பெரிய ஆட்டம் முடியாது என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். இலவசம், முதலில் வருகிறவருக்கு இடம் என்ற பேச்சே இருக்கக் கூடாது. எண்ணிக்கைக்கு மேல் ஒரு டிக்கெட் கூடாது, மிச்சம் பேருக்குப் பக்கத்துத் தெருக்களில் திரை போடலாம், கௌதம்புராவில் உலகக் கோப்பைக்குப் போடுகிற மாதிரி. போலீஸ் சரி என்று சொல்லும் அளவுக்கு மைதானம் தயாராகவில்லை என்றால் பக்கத்து ஊர் மைதானம், அப்போதும் வீட்டு அணி என்ற உரிமை சின்ன அணிக்குத்தான்.

டெல்லியில் இருக்கிற தேசியச் சம்மேளனத்தின் முடிவு வரும் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. கர்நாடகத்துக்குள்ளேயே ஒரு கோப்பை வைக்கலாம், சி டிவிஷனில் இருந்து சூப்பர் டிவிஷன் வரைக்கும் எல்லா அணிக்கும், மங்களூரு, பெலகாவி, குடகு அணிகளுக்கும் சேர்த்து, ஒரே ஆட்டம், கீழ் டிவிஷன் அணி சொல்கிற மைதானம். ஜெயிக்கிற அணிக்கு அடுத்த சூப்பர் கோப்பையின் தகுதிச் சுற்றில் ஓர் இடம் கேட்கலாம். இதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று கிளப் செயலாளர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாலாவது ஆளை வரும் ஞாயிறு காலை மர்ஃபி டவுனில் பயிற்சி முடிந்ததும் பார்க்கிறேன், தாத்தாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.